விபவ வருஷத்தில் ஒன்றும் நடக்கவில்லை

கொன்றைத்துறையில் ஊரின் வரலாற்றை வீட்டுக்கு ஒரு வருஷமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முன்பு எல்லா வருஷங்களும் ஆற்றோரத்துப் பழைய சர்க்கார் கச்சேரிக் கட்டிடத்தில்தான் அடுக்கியிருந்தன. கூரை ஒழுகி, மழைத் தண்ணீர் இறங்கி, மூன்று வருஷங்கள் பூஞ்சை பிடித்துப் போனதும், இப்படியே விட்டால் ஊருக்குப் பழமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது என்று ஊர்க்கூட்டம் போட்டுச் சீட்டுக் குலுக்கினார்கள். எந்த வருஷம் விழுந்ததோ அதை ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியது அந்தந்த வீட்டின் பொறுப்பு. சித்திரை முதல் தேதி மொட்டைமாடியில் அரைநாள் வெயில் காட்ட வேண்டும். சனி ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்கள் வந்தால் கதவைத் திறந்துவிட வேண்டும். வருகிறவர்கள் செருப்பை வெளியே விட வேண்டும். வேறு நிபந்தனை கிடையாது.

வெளியூர்க்காரர்கள் வரத்தான் செய்தார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எதிரே தகரப் பலகையில் எந்தத் தெருவில் எந்த வருஷம் என்று எழுதிப் போட்டிருக்கும். முதலில் எல்லோரும் போவது டெய்லர் லத்தீப் பாய் வீட்டுக்கு. அங்கே 1902. வெள்ளைக்காரத் துரை ஒருவர் வந்து ஆற்றுப் பாலத்தைத் திறந்துவைத்த வருஷம். பாயின் தையல் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் அறையில் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பத்துப் பேர் சேர்ந்ததும் எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்டுவார். ரிப்பனுக்கு பாய் தன் கடைத் துண்டுத்துணியைத்தான் கிழித்துக் கொடுப்பார். தேரின் அச்சு முறிந்து நடுத்தெருவில் நின்ற வருஷம் தபால்காரர் வீட்டில் இருந்தது. தேர் போக வீட்டில் இடமில்லாததால் தபால்காரர் குடும்பத்தோடு மாமனார் வீட்டில் இருந்தார். அவருக்கு அதில் வருத்தமில்லை, மாமனாருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

சவரியம்மாள் வீட்டில் 1869, பெருவெள்ளம் வந்த வருஷம். ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். காலையில் எழுந்ததும் கூடத்துத் தண்ணீரை வாளியால் இறைத்து வெளியே விட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். மீன் வாங்கிப் பல வருஷம் ஆயிற்று, கூடத்திலேயே கெண்டை கிடைக்கும். ஐப்பசி பன்னிரண்டாம் தேதி அந்த வெள்ளம் ஏழு பேரை அடித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு ஐப்பசியும் அதே ஏழு பேர்தான். அன்றைக்குத் தெருவே அடைத்துக்கொள்ளும் அளவுக்குக் கூட்டம் வரும். சவரியம்மாள் மட்டும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வேலையில் இருந்தபோது பார்த்தது போதாதா என்பாள்.

அவளுக்குப் பக்கத்து வீடு தில்லைநாயகத்தின் வீடு. அவருடைய அப்பா எடுத்த சீட்டில் 1868 விழுந்தது. விபவ வருஷம். சீட்டைப் பிரித்துப் படித்ததும் கூட்டத்தில் நாலைந்து பேர் வந்து அப்பாவின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்களாம். ஏனென்றால் விபவ வருஷத்தில் கொன்றைத்துறையில் ஒன்றுமே நடக்கவில்லை. வெள்ளம் இல்லை, பஞ்சம் இல்லை, காலரா இல்லை. துரை வரவில்லை. மழை பெய்ய வேண்டிய அளவுக்குப் பெய்தது. யாரும் பிறக்கவில்லை, யாரும் சாகவில்லை. ஒரு சண்டைகூட இல்லை, பாருங்கள்.

வீட்டின் பின்பக்கம் ஆற்றைப் பார்த்த அறையில் அந்த வருஷம் இருந்தது. உள்ளே எப்போதும் மத்தியானம் மூன்றரை மணி வெயில். ஜன்னல் கம்பிக்கு அப்பால் ஒரு காக்கை கத்துவதற்கு வாயைத் திறக்கும், பிறகு வேண்டாமென்று மூடிக்கொள்ளும். வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா சார்?" என்று கேட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார்கள். தேநீர்க்கடையில் தில்லைநாயகத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேலி பேசுவார்கள். ஒன்றும் இல்லை என்பார் அவர். அது உண்மையும்கூட என்பதால் அவருக்குக் கோபம் வந்ததில்லை.

தில்லைநாயகம் பஸ் ஸ்டாண்டில் நேரக்காப்பாளராக இருந்தவர். முப்பத்தொரு வருஷம் வந்த பஸ், போன பஸ் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். எழுதாத பஸ் வராத பஸ் என்பது அவர் கொள்கை. ஒருமுறை மாயவரம் பஸ் அவர் கண்ணெதிரே வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. பேனாவில் மை இல்லாததால் அவரால் எழுத முடியவில்லை. அன்று சாயங்காலம் மேலதிகாரி கேட்டபோது மாயவரம் பஸ் வரவில்லை என்றுதான் சொன்னார். அதில் வந்து இறங்கியவர்கள் மறுநாள் இன்னொரு தடவை வர வேண்டியதாயிற்று.

போன வருஷம் ஆடியில் அவர் மனைவி அபரஞ்சிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இருதயத்தில் வால்வு பழுதாகியிருக்கிறது, இந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்காது என்றார்.

"எப்ப வேணும்னாலும், எது வேணும்னாலும் நடக்கலாம். மனசைத் தயாரா வெச்சுக்குங்க" என்றார்.

தில்லைநாயகம் வீட்டுக்கு வந்து ஒருவாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல், கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னறையில் போட்டார். அபரஞ்சியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து விபவ வருஷத்துக்குள் படுக்கவைத்தார். அன்றிலிருந்து அவள் அங்கேதான் இருந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், தலைவாரிக்கொண்டாள். அவையெல்லாம் நடப்பில் சேராது. விபவ வருஷத்திலும் ஊர் சாப்பிட்டுத் தூங்கித் தலைவாரிக்கொண்டுதான் இருந்தது. நாள் குறித்து எழுதிவைக்கும்படியாக ஏதாவது நிகழ்ந்தால்தான் நடப்பு. அந்த மாதிரி ஒன்றும் அந்த அறைக்குள் நிகழவில்லை. பதினாலு மாதம் போயிற்று. டாக்டர் இரண்டு தடவை ஆள் விட்டு விசாரித்தார். நல்லா இருக்கா என்று சொல்லி அனுப்பினார் தில்லைநாயகம்.

புரட்டாசி பிறந்து ஒரு வாரத்தில் மரபு வருஷங்கள் பராமரிப்புத் துறையிலிருந்து கடிதம் வந்தது. பார்வையாளர்களுக்குக் காட்டும்படியாக ஒரு நிகழ்ச்சியும் இல்லாத வருஷங்களைத் தனியாக வைத்திருப்பது வீண் இடம். ஆகவே அவற்றை அடுத்த வருஷத்தோடு இணைத்து, நடுச்சுவரை இடித்துவிடுவதென்று தீர்மானமாகியிருக்கிறது. வருகிற புதன்கிழமை அதிகாரி நேரில் வந்து ஆய்வு செய்வார். ஆய்வு நடந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் இணைப்பு முடிந்துவிடும்.

தில்லைநாயகம் கடிதத்தை எடுத்துக்கொண்டு சவரியம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் முழங்கால் தண்ணீரில் நின்று படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சுவரை இடித்தால் வெள்ளம் உங்கள் பக்கமும் வரும், ஐப்பசியில் இடுப்பளவு இருக்கும், கட்டில் நிற்காது என்றாள். ஒரு வாளித் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினாள்.

"ஏழு பேரை எண்ணியே எனக்குக் கை ஓஞ்சுபோச்சு தம்பி. எட்டாவதா அபரஞ்சிய எண்ண என்னால ஆகாது" என்றாள்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நிகழ்ச்சி இல்லையென்றால்தானே இணைப்பார்கள், யாரிடமாவது ஒரு நிகழ்ச்சியை ஒருநாள் இரவல் வாங்கி உள்ளே வைத்தால் தீர்ந்தது என்றார்கள். தேர் கொடுக்கிறேன் என்றார் தபால்காரர். அது வாசலில் நுழையாது. கடைசியில் லத்தீப் பாய்தான், புதன்கிழமை எனக்கு வியாபாரம் மந்தம், துரையைக் கூட்டிக்கொண்டு போ என்றார். நண்பர் இப்படிச் சொன்னதும் தில்லைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. துரையும் கூப்பிட்ட இடத்துக்கு வருகிற மனுஷர்தான். இத்தனை காலம் ஒரே பாலத்தைத் திறந்து அவருக்கும் சலித்திருந்தது.

அபரஞ்சி எல்லாவற்றையும் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு கொண்டுவந்தவரிடம் சொன்னாள்.

"ஏங்க, இங்க ஒண்ணு நடந்துட்டா, அப்புறம் எல்லாம் நடக்கும்."

அதுதான் தில்லைநாயகத்தையும் மூன்று நாளாக அரித்துக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி வைக்கவில்லையென்றால் சுவரை இடித்து வெள்ளத்தை விடுவார்கள். வைத்தாலோ, ஒன்றுமே நடக்காத வருஷம் ஏதோ நடந்த வருஷமாகிவிடும். ஏதோ நடக்கிற வருஷத்தில் எதுவும் நடக்கும். ரிப்பன் ஒன்று வெட்டினாலும் போதும். இந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது, அந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ரசம் சூடாக இருக்கிறதா என்று மட்டும் அவளிடம் கேட்டார். இருக்கிறது என்றாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். பெயர் குணாளன். நாற்பத்தைந்து வயதிருக்கும். கக்கத்தில் ஃபைல், கையில் இரண்டு போன், இரண்டும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. ஒன்றில் மேலதிகாரி திட்டினார், இன்னொன்றில் வீட்டில் திட்டினார்கள். செருப்பைக் கழற்றும்போதே இன்றைக்கு இன்னும் ஐந்து வருஷம் பார்க்க வேண்டும், சீக்கிரம் நடத்துங்கள் என்றார். தில்லைநாயகம், நிகழ்ச்சியை நடையிலேயே வைத்துக்கொள்ளலாமே, உள்ளே உடம்புக்கு முடியாதவள் படுத்திருக்கிறாள் என்று கெஞ்சிப் பார்த்தார். நடையில் நடப்பது இந்த வருஷத்துக் கணக்கு, உள்ளே நடந்தால்தான் விபவ வருஷத்துக் கணக்கு என்றார் குணாளன். விதி அப்படி. எல்லோரும் உள்ளே போனார்கள்.

கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் ரிப்பனை இழுத்துப் பிடித்தார்கள். ஒரு முனை லத்தீப் பாய் கையில், மறு முனை தில்லைநாயகம் கையில். நல்ல நீலத் துணி, யாருடைய ரவிக்கையிலோ மிஞ்சியது. சவரியம்மாள் ஈரச் சேலையோடு வாசற்படியில் நின்றாள். துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கத்தரிக்கோலை விரித்து ரிப்பனுக்கு இரண்டு பக்கமும் வைத்தார். குணாளன் ஃபைலைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். ஜன்னலுக்கு வெளியே காக்கை வாயைத் திறந்தது.

தில்லைநாயகம் அபரஞ்சியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். கழுத்துக் குழியில் துடிப்பு தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். பதினாலு மாதமாகத் தினமும் எண்ணுகிற துடிப்பு. சுவர் இடிந்தால் இடியட்டும், கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், இந்த நிமிஷம் அவள் இருந்தால் போதும் என்று தோன்றியது. கையிலிருந்த ரிப்பனை விட்டுவிட்டார்.

ரிப்பன் தொளதொளவென்று தொங்கியது. தொங்குகிற துணியைத் துரை எப்படி வெட்டுவார்? கத்தரிக்கோலை மடக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். அதற்கு மேல் பாலம் இல்லை. 1868இல் ஏது பாலம்? திறந்துவைக்க ஒன்றுமே இல்லாத ஆற்றை அவர் முதல்முறையாகப் பார்க்கிறார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மூலையிலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். இரண்டு நிமிஷத்தில் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். காக்கை வாயை மூடிக்கொண்டது.

குணாளன் காத்திருந்தார். நிகழ்ச்சி என்ற கட்டம் ஃபைலில் காலியாக இருந்தது. நிகழ்ச்சி இல்லை என்று எழுத வேண்டியதுதான். அதற்கு முன்னால், ஆய்வு நடந்த நாள் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். பேனாவைக் கட்டத்தின்மேல் வைத்தார். அப்படியே வைத்திருந்தார். போன் இரண்டும் அடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அபரஞ்சி கண்ணைத் திறந்து, சாருக்குக் காபி கொடுங்க என்றாள். காபி வந்தது, குடித்தார். உட்காரட்டுமா என்று கேட்டார். உட்கார்ந்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துவிட்டுக்கொண்டு கால் நீட்டினார்.

லத்தீப் பாய் ரிப்பனைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு சவரியம்மாள் கெண்டைக் குழம்பு கொண்டுவந்தாள். குணாளன் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். ஊர் நேரத்துக்கு மணி ஐந்தானபோது எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, ஃபைலைப் புரட்டி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். ஒரு எழுத்துக்கூட இல்லை.

"இங்க ஆய்வு நடக்கலைங்க. இந்த வருஷத்துக்குள்ள அது எப்படி நடக்கும்?" என்றார்.

தில்லைநாயகம் மெல்ல, அப்படியானால் இணைப்பு என்று கேட்டார். ஆய்வு நடந்த நாளிலிருந்து முப்பது நாள் என்பதுதான் விதி, நடக்காத ஆய்வுக்கு முப்பது நாள் எங்கிருந்து எண்ணுவது என்றார் குணாளன். எழுதாத பஸ் வராத பஸ் என்று முப்பத்தொரு வருஷம் சொன்னவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அப்பாடா என்று நடையில் உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. சவரியம்மாள் மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, குழம்புச் சட்டியைக் கழுவப் போனாள். அது ஏற்கெனவே கழுவிய சட்டி என்பது அப்புறம்தான் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்ட குணாளன், அடுத்த புதன்கிழமையும் ஆய்வுக்கு வர வேண்டியிருக்கும், துறையில் விடமாட்டார்கள் என்றார். தாராளமாக வாருங்கள் என்றார் தில்லைநாயகம்.

அதன்பின் புதன்கிழமைதோறும் அவர் வந்தார். எந்தப் புதன்கிழமையும் ஆய்வு நடக்கவில்லை. துரையைத் திரும்பக் கூட்டிப்போக லத்தீப் பாய் முதல் புதன்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து வந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த துரை அந்தச் சனிக்கிழமை ஒரே மூச்சில் நாற்பது ரிப்பன் வெட்டினார்.

ஐப்பசி பிறந்தது. பதினோராம் தேதி சாயங்காலம் சவரியம்மாள் கொல்லைச் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, "தம்பி, ஒரு ஏழு பேரு வந்தா இடமிருக்குமா?" என்று கேட்டாள். தில்லைநாயகம் அபரஞ்சியைக் கேட்டார். அவள் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து படுத்துக்கொண்டு, கால்மாட்டில் ரெண்டு பேர் உட்காரலாம், மத்தவங்களுக்குப் பாய் போடுங்க என்றாள்.

ஏழு பேரும் பின்பக்கமாக வந்தார்கள். ஒரு ஓடக்காரர், அவர் மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள், எருமை ஓட்டிப்போன ஒரு ஆள், வெற்றிலைக் கூடையோடு ஒரு கிழவர், ஊருக்குப் புதிதாக வந்த ஒரு கணக்கப்பிள்ளை. வேட்டியையும் சேலையையும் வாசலில் பிழிந்துவிட்டு வரிசையாக உள்ளே போனார்கள். ஓடக்காரரின் மனைவி, பன்னிரண்டாம் தேதியன்று தனக்கு எப்போதும் கூட்டத்தின் முகம்தான் கடைசியாகத் தெரியும் என்று அபரஞ்சியிடம் சொன்னாள். இங்கே கூட்டம் வராது என்றாள் அபரஞ்சி. சின்னவள் ஜன்னல் பக்கம் போய்க் காக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தில்லைநாயகம் பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்தார். ஏழு பேர், மாலை ஐந்து இருபது என்று எழுதப் போனவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். நோட்டைப் பரணில் தூக்கிப் போட்டார்.

மறுநாள் பன்னிரண்டாம் தேதி. சவரியம்மாள் வீட்டு வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. வெள்ளம் வந்தது, கூடத்தைச் சுற்றிப் பார்த்தது, யாரையும் காணாமல் சமையலறைக் கதவைத் தட்டியது. சவரியம்மாள் உள்ளே இருந்தபடியே எனக்குத் தெரியாது என்றாள். கூட்டம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தேர் பார்க்கப் போனது.

மத்தியானத்துக்கு மேல் தில்லைநாயகத்தின் வாசலில் சத்தம் கேட்டது. போய்க் கதவைத் திறந்தார். வெள்ளம் நின்றுகொண்டிருந்தது. இடுப்பளவு உயரம், நெடுந்தூரம் நடந்து வந்த களைப்பு தெரிந்தது. ஏழு பேர் இந்தப் பக்கம் வந்தார்களா என்று கேட்டது. பின்னறையில் சின்னவள் ஏதோ சொல்லி அபரஞ்சி சிரிக்கிற சத்தம் நடைவரைக்கும் வந்தது. அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

"அப்படி யாரும் வரலை. வந்திருந்தா எழுதியிருப்பேன்" என்றார் தில்லைநாயகம்.

வெள்ளம் தலையாட்டியது. உடனே போகவில்லை. செருப்பு விடுகிற இடத்தில் படியோரமாக உட்கார்ந்தது. பிறகு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டது. தில்லைநாயகம் உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு கொண்டுவந்து கொடுத்தார். அண்ணாந்து குடித்துவிட்டு, செம்பைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்த வழியே ஆற்றுக்குப் போயிற்று.